ஆடியில் முடித்திருக்க வேண்டிய வேலை

கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கும் நேரத்தில் எங்கள் கடையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பெண்ணின் தகப்பனார், தாய்மாமன், எதற்கு வந்தார் என்றே தெரியாத ஒரு பெரியவர் என்று மூன்று தலைகள் மானிட்டரை மறைத்துக்கொண்டு நிற்கும். தாத்தா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ விழுந்திருக்கிறதா, சித்தப்பா பெயர் பெரியப்பா பெயருக்கு மேலே ஏறிவிட்டதா என்று வரிவரியாகத் தேடுவார்கள். அக்டோபர் 8, புதன்கிழமை, அப்படி ஒரு நேரத்தில்தான் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு அந்த அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது.

"என்னம்மா, பத்திரிகை போயிருச்சா?" என்று பெரியவர் பதறினார்.

"ஒண்ணும் இல்ல தாத்தா" என்று சொல்லி, ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்தினேன். ஒரு வருடமாக அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு அழுத்தும்போது நாள் கணக்கு மனதில் ஓடியது. ஆறு நாள்.

எங்கள் கடை மும்பை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா இதே இடத்தில் ட்ரெடில் மிஷின் வைத்து, ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்தார். மிஷின் எடைக்குப் போய் ரொம்ப வருடம் ஆகிறது. இப்போது இருப்பது ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ், பரணில் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் பெட்டி, அப்புறம் நான். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. அதுபோக பான் கார்டு, ரேஷன் கார்டு, ஆதார் பிரிண்ட். உண்மையைச் சொன்னால் கடை வாடகை வருவது அந்த ‘அதுபோக’விலிருந்துதான்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாதே, அப்போது மெதுவாகக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாணம் இல்லாத மாதம் வேறு, பத்திரிகை அடிக்காத மாதம் வேறு. ஐப்பசிக் கல்யாணத்துக்குப் புரட்டாசியில் கூட்டம் வரும், தைக் கல்யாணத்துக்கு மார்கழியில் வரும். எங்களுக்கு நிஜமாகவே கை காய்வது ஆனிக் கடைசியும் ஆடி முதல் பாதியும். ஆவணிக் கல்யாணக்காரர்கள்கூட வாசகத்தை மட்டும் கொடுத்துவிட்டு, "ஆடிப்பெருக்கு கழியட்டும், அப்புறம் அடிக்கலாம்" என்று போய்விடுவார்கள். மிஷினைப் பிரித்து மேய வருடத்துக்கு அந்த மூன்று வாரம்தான் கிடைக்கும். 2025-இல் அந்த மூன்று வாரத்தில் நான் கடைக்குப் பெயின்ட் அடித்தேன்.

பொத்தானை அழுத்தினால் தானாக ஏறிவிடும் என்றால் எப்போதோ ஏற்றியிருப்பேன். 2019-இல் வாங்கிய மிஷின், ஐ5 எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்கிற தகுதி மயிரிழையில் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். அப்பா காலத்துத் தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. தீப்பெட்டி அளவு இருக்கும், பேரலல் போர்ட்டில் சொருக வேண்டும். சொருகாவிட்டால் தமிழ் வராது. அந்தப் பூட்டை இயக்குகிற டிரைவர், 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸுக்கு மட்டும்தான் இருக்கிறது. கூடவே ஒரு டாஸ் காலத்து ஜாதக புரோகிராம், 16 பிட். அது 32 பிட் விண்டோஸில் ஓடும், 64 பிட்டில் ஓடாது. இந்த இரண்டுக்காகவும் பேரலல் போர்ட் உள்ள போர்டாகத் தேடிப் பிடித்து, நல்ல மிஷினில் 32 பிட் விண்டோஸைப் போடச் சொன்னது நான்தான். 8 ஜிபி ராம் இருந்தும், 32 பிட் விண்டோஸ் முழுவதையும் தொடாது என்பதால், பாதிக்கு மேல் பயன்படாமல் ஆறு வருடம் ஓடியது.

விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32-இலிருந்து அப்படியே மேலே ஏற்றவும் வழியில்லை. டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஏழு பத்திரிகை கையில் இருக்கும்போது துடைப்பது என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கியது.

இரண்டு பேரிடம் யோசனை கேட்டேன். சர்வீஸ் அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஓடுற மிஷினைக் கிண்டாதம்மா. பதினாலாம் தேதி ராத்திரி கம்ப்யூட்டர் வெடிச்சிரவா போகுது?" ஐரோலியில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்க்கிற அக்கா மகனிடம் போனில் கேட்டால், "சித்தி, இன்னைக்கே பண்ணுங்க, நான் வேணா ராத்திரி வர்றேன்" என்கிறான். அண்ணாச்சிக்கு வைரஸைப் பார்த்துப் பயமில்லை, அவனுக்கு முகூர்த்தத்தைப் பார்த்துப் பயமில்லை. இரண்டுக்கும் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான்.

அண்ணாச்சி சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நான் சயானில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். 2003 ஆகஸ்ட்டில் ஒரு நாள், உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். திரையில் சின்னப் பெட்டி ஒன்று வந்து 60-இலிருந்து கீழே எண்ணியது. பூஜ்யம் வந்ததும் மிஷின் அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி 60. கரண்ட் பிரச்சினை என்று சென்டர் முதலாளி சேட், எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பையன்தான், ரன்னில் போய் ‘ஷட்டவுன் மைனஸ் ஏ’ என்று அடித்தால் எண்ணுவது நிற்கும் என்று காட்டிக்கொடுத்தான். அன்று மாலை முழுவதும் எட்டு மிஷினுக்கும் ஓடி ஓடி அதை அடித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டர் என்ற புழு அது. யாரும் எதையும் திறக்க வேண்டாம், கிளிக் செய்ய வேண்டாம், இணையத்தில் இருந்தால் போதும், தானாக வந்து ஏறிக்கொள்ளும்.

அதற்கான பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், ஜூலை 16-ஆம் தேதியே வந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. புழு வந்தது ஆகஸ்ட் 11. நடுவில் 26 நாள் சும்மா இருந்திருக்கிறோம்.

மறு வருடம் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 வந்தது. பெயர்தான் சர்வீஸ் பேக், உள்ளே இருந்தது பெரும்பாலும் பாதுகாப்பு. கிட்டத்தட்ட 270 எம்பி. எங்கள் லைனில் இறக்க முடியாமல் சேட் எங்கிருந்தோ ஒரு சிடியில் வாங்கி வந்தார். எட்டிலும் போட்டு முடித்தேன். மறுநாள் காலையில் பில்லிங் சாஃப்ட்வேர் என் மேஜையிலிருந்து எந்த மிஷினையும் பார்க்கவில்லை. யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்றே தெரியாமல் அரை நாள் எல்லாருக்கும் இலவசம். விஷயம் இதுதான்: வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற, அதுவரை அணைந்தே கிடந்த ஃபயர்வாலை அந்த சர்வீஸ் பேக் தானே போட்டுவிட்டது. பில்லிங் பேசுகிற கதவும் சேர்ந்து சாத்திக்கொண்டது. அந்த ஒரு கதவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். எங்களுக்கு அது தெரியவில்லை. எட்டிலும் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு, "எல்லாம் சரியாயிடுச்சு" என்று சேட்டிடம் சொன்னேன். பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று கதவையே கழற்றி வைத்தவள் நான்.

2017-ஐயும் சொல்ல வேண்டும். அந்த வருடம் மே 12-இல், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை என்ற புழு வந்தது. அதற்கான பேட்ச் மார்ச் 14-இல் வந்திருந்தது, 59 நாள் முன்னால். எக்ஸ்பிக்கு ஆதரவு நின்று மூன்று வருடம் ஆகியும், நிலைமையைப் பார்த்து மறுநாளே மைக்ரோசாப்ட் அதற்கும் ஒரு பேட்ச் விட்டது. எங்களை அது தொடவில்லை. ஆனால் அடுத்த மாதம் 27-ஆம் தேதி நாட்பெட்யா என்ற இன்னொரு புழு வந்தபோது அத்தான் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. அவர் நவசேவா துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறவர். மேர்ஸ்க் என்ற கப்பல் கம்பெனியின் உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர்கள் விழுந்தன, அதன் குழுமம் நடத்துகிற நவசேவா முனையமும் சேர்ந்து விழுந்தது. எந்தக் கன்டெய்னர் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை, வண்டிகள் வரிசைகட்டி நின்றன. "பெட்டி கண்ணு முன்னால நிக்குது, ஆனா அது யாரோடதுன்னு எவனுக்கும் தெரியல" என்றார் அத்தான். வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டதாகச் சொன்னார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நாட்பெட்யா முதலில் நுழைந்தது உக்ரைன் நாட்டின் ஒரு கணக்கு மென்பொருளுக்கு வந்த அப்டேட் வழியாக. ஒழுங்காக அப்டேட் போட்டவனுக்குத்தான் முதல் அடி. உள்ளே வந்தபின் பரவியதற்கு, மார்ச் மாத பேட்ச் அடைத்த அதே ஓட்டையும் ஒரு வழி.

2024 ஜூலை 19 இன்னொரு கதை. முதல் ஆடி வெள்ளி. கூழுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனால், எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் படம். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு அப்டேட்டில் பிழை. நம் நேரத்துக்குக் காலை 9:39-க்கு அனுப்பினார்கள், 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. பலவற்றை ஆள் போய்க் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அண்ணாச்சி அன்றைக்கே போன் செய்தார்.

ஆக இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. இதையெல்லாம் ஒரு பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த பெரிய அப்டேட் சிலருடைய ஃபைல்களை அழித்தது. அது 2-ஆம் தேதி வந்தது, 6-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். கெட்ட அப்டேட் என்றால் சில நாளில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. மறுபக்கம், பேட்ச் வந்தபின் புழு வர எடுத்துக்கொண்ட நாட்கள்: பிளாஸ்டருக்கு 26, வானாக்ரைக்கு 59, நடுவில் 2004-இல் வந்த சாஸருக்கு 17 மட்டுமே. பேட்ச் வந்ததும் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனுக்கே தெரிந்துவிடுமாம், அக்கா மகன் சொன்னான். அதனால் ஒரு வாரம் பொறுப்பதில் புத்திசாலித்தனம் உண்டு, ஒரு மாதம் பொறுப்பதில் இல்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அமெரிக்காவில் பேட்ச் விடுகிறார்கள், நமக்கு அது ராத்திரி பத்தரை, பதினொன்றரை. நான் அதற்கு அடுத்த வாரப் புதன் ராத்திரி போடுவதாக இப்போது வைத்திருக்கிறேன். என் கணக்கு இது. பெரிய கம்பெனிக்குப் பொருந்துமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் இந்தக் கணக்கும் பேட்ச் வந்துகொண்டிருக்கும்வரைதான். 14-ஆம் தேதிக்குப் பிறகு வராது என்றால், ஒவ்வொரு புது ஓட்டையும் திறந்தபடியே கிடக்கும். அப்படியும் என் மனம் என்ன சொன்னது தெரியுமா? "நம்மகிட்ட திருட என்ன இருக்கு? பத்திரிகை வாசகமா?"

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு, துடைப்பதாக இருந்தால் எதையெல்லாம் காப்பி எடுக்க வேண்டும் என்று பார்க்கலாமே என ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். டவுன்லோட்ஸைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. 2019-இலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த எல்லாம் அங்கேயே கிடந்தது. ஆதார் முன்பக்கம், பின்பக்கம். பான். பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். ரேஷன் கார்டில் குடும்பத்தோடு எடுத்த போட்டோ. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் ஃபைல். பிரிண்ட் எடுத்துக் கொடுத்து ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ வாங்கினேன், அத்தோடு மறந்துவிட்டேன். அவர்களும் மறந்துவிட்டார்கள்.

கீழே போகப் போக முகங்கள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்துச் சந்து இட்லிக்காரர் ஒருவரின் ஆதார் இருந்தது. கொரோனா இரண்டாம் அலையில் போனவர். அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்ததும் நான்தான். போஸ்டருக்கு நல்ல போட்டோ இல்லை என்று அவர் மகன் அலைந்தபோது, இந்த ஆதார் இங்கேயே கிடந்திருக்கிறது.

‘நம்மகிட்ட என்ன இருக்கு’ என்று கேட்டேனே, இதுதான் இருந்தது. என்னுடையது எதுவும் இல்லை என்பது வாஸ்தவம்தான்.

அத்தனையையும் அழிக்க இரண்டு ராத்திரி ஆனது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழித்திருக்கலாம். நடுவில் அப்பாவின் பழைய ஸ்கேன்கள் கலந்திருந்ததால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அக்கா மகன் வந்தான். வந்தவன் முதலில் விண்டோஸ் 11-ஐப் பற்றிப் பேசவே இல்லை. விண்டோஸ் 10-க்கே இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புப் பேட்ச் மட்டும் தருகிற திட்டம் இருக்கிறது, முதலில் அதில் சேர்வோம் என்றான். முப்பது டாலர் கட்டலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாப்டிடம் பேக்கப் வைக்கச் சம்மதித்தால் இலவசம். எப்படியும் மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்று வேண்டும். இத்தனை வருடம் எந்தக் கணக்கும் இல்லாமல் ஓட்டியவளுக்கு அது கொஞ்சம் கசந்தது. சரி என்றேன். பத்து நிமிட வேலை. ஐப்பசி முகூர்த்தம் தப்பித்தது.

"அப்போ இதோட விட்டுரலாமா?" என்று கேட்டேன்.

"விட்டா அடுத்த புரட்டாசியில இதே மாதிரி உக்காந்திருப்பீங்க சித்தி."

அது சரிதான். என்னை எனக்குத் தெரியும்.

அவன் சொன்ன வழி இது. பழைய டிஸ்க்கைத் துடைக்கவே வேண்டாம். புதிதாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி அதில் விண்டோஸ் 11-ஐப் போடுவோம். பழையதைக் கழற்றி ட்ராயரில் வைப்போம். சரிப்படவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பழையதை மாட்டினால் பழைய கடை. ஒரு வருடமாக நான் பயந்தது ‘துடைப்பது’ என்ற ஒரு சொல்லுக்குத்தான். துடைக்காமலே செய்யலாம் என்று அண்ணாச்சி ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் ஒரு நாளும் கேட்டதில்லை. லாமிங்டன் ரோட்டுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி 500 ஜிபி ஒன்று வாங்கி வந்தோம்.

தீபாவளிக்கு மறுநாள் கடைக்கு லீவு விட்டுவிட்டுச் செய்தோம். விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வருகிற செட்டிங்ஸான பயாஸில் ‘பிடிடி’ என்று ஒன்று அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும்தான், தான் கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறது என்று விண்டோஸ் 11 ஒப்புக்கொண்டது. எட்டு ஜிபியும் முதல் தடவையாக எட்டாகத் தெரிந்தது, ஆறு வருடத்துக்குப் பிறகு. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் முதலில் முரண்டு பிடித்தது, அட்மினாகத் திறந்ததும் ஓடியது. பூட்டு எதிர்பார்த்தபடி வேலைக்கு ஆகவில்லை. அதனால் பூட்டுத் தேவைப்படாத யூனிகோடு தமிழில் அடித்து, கன்வர்ட்டரில் பழைய எழுத்துருவுக்கு மாற்றி, பேஜ்மேக்கரில் ஒட்டுகிறேன். ஒரு வேலைக்கு மூன்று வேலை. இன்னும் விரல் பழகவில்லை, ‘ஸ்ரீ’ வருகிற இடமெல்லாம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பூட்டுக்கும் ஜாதகத்துக்கும் பரணிலிருந்த எக்ஸ்பி பெட்டி கீழே இறங்கிவிட்டது. அதற்கு நெட் ஒயரே கிடையாது. பென் டிரைவும் கடையினுடைய ஒரே ஒன்றுதான் போகும், நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி வந்து பார்த்தார். "எதுக்கும்மா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்றார். ட்ராயரைத் திறந்து பழைய டிஸ்க்கைக் காட்டினேன். "அது நல்ல யோசனைதான்" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

போன வாரம் ஒருவர் பெண்ணின் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்காக நாலு பேர் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே நாலையும் அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

"ஏன்க்கா அழிக்கிறீங்க? உங்ககிட்டயே இருக்கட்டுமே. அடுத்த தடவை வர்றப்போ நான் எங்க தேடுறது?"

"அடுத்த தடவையும் அனுப்புங்க தம்பி."

முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது அவருக்கு. இருபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு, சில்லறைக்கு நிற்காமல் போனார்.